அடுக்களையை விட்டுப் போன அரியல்

முப்பத்து நான்கு வருடம் தமிழாசிரியராக இருந்தவன் நான்; பிறந்தது அரியலூர்ப் பக்கம், மருதையாற்றை ஒட்டிய ஒரு கிராமம். வகுப்பில் பையன்கள் வருடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “ஐயா, நம்ம ஊருக்கு ஏன் இந்தப் பேரு?” கோதண்டராமசாமி கோயிலைக் காட்டி, அரி குடியிருக்கும் இல், ‘அரி இல் ஊர்’, அதுதான் அரியலூர் ஆயிற்று என்று ஊரார் சொல்லும் விளக்கத்தைச் சொல்லி முடித்துவிடுவேன். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகனில் ‘அரியல்’ என்ற சொல்லுக்குக் ‘கள்’ என்று பொருள் போட்டிருப்பதை மட்டும் சொன்னதே இல்லை. எட்டாம் வகுப்பில் அதைச் சொல்லிவிட்டுப் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் போய் எப்படி உட்காருவது?

ஊர்ப் பெயருக்கும் அந்தச் சொல்லுக்கும் முடிச்சுப் போட நான் வரவில்லை. ஆனால் சொல் என்னை விடவில்லை. அரித்து எடுப்பது அரியல். சோற்றுக்கு அரிசி களையும்போது கல் போக அரிக்கிறோமே, அதே அரிதான். சக்கையை நிறுத்திவிட்டுச் சாற்றை மட்டும் எடுத்த மது. பனங்கள்ளில் வடிகட்டுவதற்கு என்ன இருக்கிறது? பாளைத் துணுக்கும், முட்டிக்குள் விழுந்து செத்த நாலு வண்டும்தான். அதற்காக மதுவுக்கே ‘அரித்தது’ என்று பெயர் வைப்பார்களா? இத்தனை வருடம் பாடம் நடத்தியும் இந்தச் சந்தேகம் தீரவில்லை. தீர்ந்தது சிங்கப்பூரில், பதினோராம் மாடியில், என் தங்கை மகனின் அடுக்களையில்.

அவன் பெரம்பலூரில் பாலிடெக்னிக் படித்துவிட்டுக் கப்பல் பட்டறை வேலைக்குப் போனவன். ஓய்வுபெற்ற பிறகு ஒரு மாதம் அவனோடு தங்கப் போயிருந்தேன். ஒரு சனிக்கிழமை காலையில் அடுப்பில் பெரிய பானையை ஏற்றி, அதில் தெர்மாமீட்டரை நட்டுவைத்துக்கொண்டு நின்றான்.

“என்னடா இது, ரசமா?”

“ஸ்டவுட் மாமா. கருப்பு பீர். பயப்படாதீங்க, இங்க இது சட்டப்படிதான்.”

சொந்த உபயோகத்துக்கு, ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை பீர் ஊறவைத்துக்கொள்ளலாம் என்று சிங்கப்பூரில் 2004-இலேயே விதியைத் தளர்த்திவிட்டார்களாம். மேசைமேல் ஓர் அட்டைப்பெட்டி பிரிந்து கிடந்தது. ‘பார்ஷியல் மாஷ் கிட்’ என்றான். இட்லிக்குப் பாதி மாவை வீட்டில் ஆட்டி, பாதியைப் பாக்கெட்டில் வாங்கிக் கலந்துகொள்வது மாதிரி. பீருக்கு வேண்டிய சர்க்கரையில் ஒரு பங்கை நாமே தானியத்திலிருந்து எடுக்க வேண்டும். மீதிக்குக் கடைச் சரக்கான மால்ட் பாகு. டப்பாவைத் திறந்து காட்டினான். கெட்டித் தேன் போலப் பழுப்பாக இருந்தது. முகர்ந்தேன். ஜுரத்தில் படுத்தால் அம்மா ஆற்றிக் கொடுக்கும் ஹார்லிக்ஸ்! அதில் வியக்க ஒன்றுமில்லை என்று பிறகு தெரிந்தது. அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன இரண்டு ஆங்கிலேயச் சகோதரர்கள் முளைகட்டிய பார்லியின் சாற்றைப் பாலோடு சேர்த்துப் பொடியாக்கி விற்றதுதான் ஹார்லிக்ஸ். நம் ஊரில் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் காலங்காலமாகக் கையில் தூக்கிக்கொண்டு போனது பீரின் தம்பியை.

துணிப்பையில் ஒன்றரைக் கிலோ போல உடைத்த தானியம். பெரும்பகுதி முளைகட்டி உலர்த்திய பார்லி. கொஞ்சம் அவல்போல் தட்டிய பார்லி. ஒரு கை, காப்பிக்கொட்டையைவிடக் கருக வறுத்த பார்லி. கருப்பு நிறத்துக்கு அந்த ஒரு கை போதுமாம். ஐந்து லிட்டர் வெந்நீரில் பையை இறக்கினான். தெர்மாமீட்டர் 67 டிகிரி காட்டியது. “ஒரு மணி நேரம் இதைவிட்டு அசையக்கூடாது. எழுபத்தஞ்சுக்கு மேல போனா முளையில இருக்கிற சத்து செத்துரும், மாவு மாவாவே நிக்கும்” என்றான். தானியம் முளைக்கும்போது, தனக்குள் இருக்கும் மாவைச் சர்க்கரையாக உடைத்துத் தின்ன அமைலேஸ் என்ற நொதியைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. முளை செடியாகுமுன் மனிதன் குறுக்கே புகுந்து, அந்தச் சர்க்கரையைத் தட்டிக்கொண்டு போகிறான். பீர் என்பது இவ்வளவுதான்.

ஒரு மணி நேரம் கழித்துப் பையைத் தூக்கி, மேலே வெந்நீர் ஊற்றி, கரண்டியால் அழுத்திப் பிழிந்தான். அந்தச் சாற்றில் ஒரு கரண்டி ஆற்றி என்னிடம் நீட்டினான். “இன்னும் மது ஆகல மாமா. வெறும் தித்திப்புதான். குடிங்க.”

குடித்தேன். நாக்கில் பட்டதும் அப்பாயி நினைவு வந்துவிட்டது.

எங்கள் அப்பாயி பேரப்பிள்ளைகளுக்குக் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சுவதில் பேர் போனவள். கேழ்வரகை ஓர் இரவு ஊறப்போட்டு, மறுநாள் வெள்ளைத்துணியில் முடிந்து, பானைக்குப் பக்கத்தில் ஈரமாகத் தொங்கவிடுவாள். வெள்ளை முளை அரிசி நீளம் வந்ததும் நிழலில் காயவைத்து, லேசாக வறுத்து, திரிகையில் அரைத்துவைப்பாள். அந்த மாவில் கஞ்சி காய்ச்சினால் கெட்டிப்படாது. எத்தனை மாவு போட்டாலும் தண்ணீராக ஓடும். வெல்லம் போடாமலே இனிக்கும். “முள வந்தா தானியம் புள்ளைக்கு எறங்கும்டா” என்பாள். கஞ்சி நீர்த்துப்போவதற்கும் இனிப்பதற்கும் காரணம் அந்த அமைலேஸ்தான். பெயர் தெரியாவிட்டாலும் அதை ஏமாற்றி வேலை வாங்கும் வித்தை அவளுக்குத் தெரிந்திருந்தது. சிங்கப்பூர்ப் பானையில் இருந்தது அதே கஞ்சி. தானியம் வேறு, அவ்வளவுதான்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பாடம் நடத்திய பெரும்பாணாற்றுப்படை திரும்பத் திரும்ப ஓடியது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பற்றிக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய 500 அடிப் பாட்டு. அதில் கள் சமைக்கும் முறை ஒன்று படிப்படியாக வருகிறது. குத்தித் தீட்டாத அரிசியைக் குழையக் களியாகக் கிண்ட வேண்டும். வாய் அகன்ற பாத்திரத்தில் பரப்பி ஆறவிட வேண்டும். ஆறியபின் முளை அடையை அதில் கலக்க வேண்டும். சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் மூடிவைக்க வேண்டும். பச்சை வாடை போய் விளைந்ததும், வெந்நீர் பட்ட அந்தக் கலவையை விரலால் அலைத்துப் பிழிந்து எடுக்க வேண்டும். எடுத்த சாற்றுக்குக் கவிஞர் இடும் பெயர்களில் ஒன்று, அரியல்.

எத்தனையோ வருடம் இதற்குப் பதவுரை சொல்லியிருக்கிறேன். ‘ஆறவைத்து’ என்ற சொல்லைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்திருக்கிறேன். ஏன் ஆறவைக்க வேண்டும்? கொதிக்கிற களியில் முளையைப் போட்டால் முளை வெந்து செத்துவிடும். மாவு மாவாகவே நிற்கும். தெர்மாமீட்டர் இல்லாத காலத்து எழுபத்தைந்து டிகிரி எச்சரிக்கை அந்தப் பாத்திரத்தின் அகன்ற வாயில் இருக்கிறது.

அந்த ‘அடை’யும் அப்படித்தான். உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதை முளை என்று காட்டுகிறார். கவிஞரோ அதைக் கறையான் புற்றுக்குள் கிடக்கும் புற்றாஞ்சோற்றுக்கு ஒப்பிடுகிறார். எங்கள் பக்கத்து விவசாயிக்கு இந்த உவமை உரை இல்லாமலே விளங்கும். நாற்றங்காலுக்கு விதைநெல்லைச் சாக்கில் கட்டி ஒரு நாள் ஊறப்போட்டு, கரையேற்றி, வைக்கோல் போர்த்தி ஒரு நாள் இருட்டில் வைப்போம். முளை மூக்கு நீட்டியதும் எடுத்துத் தெளித்துவிட வேண்டும். ஒரு வருடம் அப்பா வெளியூர் போயிருந்தார். சாக்கைப் பிரிக்க வேண்டிய பொறுப்பு எனக்கு. பந்து விளையாடப் போய் ஒன்றரை நாள் மறந்துவிட்டேன். பிரித்தால் நெல்லும் வேரும் ஒன்றோடொன்று பின்னி, சாக்கின் உருவத்திலேயே கட்டியாக வந்தது. மேலெல்லாம் வெள்ளை வேர், உள்ளே சூடு. பிய்த்தால் அச்சு அசலாகப் புற்றாஞ்சோறு! அப்பா கையால் வாங்கிய அடி இன்றும் நினைவிருக்கிறது. அன்று நான் கெடுத்து வைத்ததுதான் சங்ககாலத்து மால்ட் என்று தெரிந்துகொள்ள ஐம்பது வருடம் ஆயிற்று.

நெல்லால் சமைத்த இந்த மதுவுக்குத் தோப்பி என்று தனிப் பெயரே இருந்தது. அதே பாட்டில், தோப்பி வீட்டிலேயே சமைத்துக் குடிக்கும் மதுவாகவும் வருகிறது. கள் சமைக்கும் பெண்கள் பாத்திரம் கழுவிய நீர் வழிந்து குழம்பிய சேற்றில் பன்றிகள் புரளும் காட்சியும் உண்டு. சமைத்தவர்கள் பெண்கள், இடம் வீடு, சக்கையும் கழுநீரும் வாசலில் நின்ற கால்நடைக்குப் போயிருக்கும். கடலோரத்தில் யவன மது கப்பலில் வந்து இறங்கிய காலம் அது. அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது மத்தியதரைக் கடல் பக்கத்து மதுச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அது அரசர் வீட்டுச் சரக்கு. குடியானவன் வீட்டுச் சரக்கு, முளையும் களியும் சேர்ந்த தோப்பி.

இந்தப் பாட்டு நம் கைக்கு வந்ததிலும் எங்கள் மண்ணுக்கு ஒரு பங்கு உண்டு. ஏட்டில் கிடந்த பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு 1889-இல் அச்சேற்றியவர் உ.வே.சாமிநாதையர். அவர் சிறுவனாகத் தமிழ் படித்த ஊர்களில் ஒன்று அரியலூர். அங்கே அவருக்குப் பாடம் சொன்னவர் சடகோபையங்கார். அப்புறம் இன்றைய பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்திலும் அவர் குடும்பம் தங்கியிருந்தது. மருதையாற்றுப் பக்கம் அலைந்த அந்தப் பையன்தான் பின்னாளில் அரியல் என்ற சொல்லை அச்சில் ஏற்றினார் என்பதில் எனக்கு ஒரு சின்ன கர்வம்.

பிறகு தோப்பி எங்கே போயிற்று? கள் என்ற சொல் மட்டும் நின்றது. பொருள் பனைக்கும் தென்னைக்கும் இடம் பெயர்ந்தது. திருக்குறளில் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே உண்டு. பல்லவர் செப்பேடுகளில் கள் இறக்கும் ஈழவர்மேல் ‘ஈழம்பூட்சி’ என்ற வரி தென்படுகிறது. பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர்களில் பனையும் தென்னையும் ஈழவர் ஏறக்கூடாது என்று சோழர் செப்பேடுகள் நிபந்தனை போடுகின்றன. வரி போடுகிறவனுக்கு மரம் வசதியானது என்று நான் நினைத்துக்கொள்கிறேன். மரத்தை எண்ணிவிடலாம், ஏறுகிறவனைப் பிடித்துவிடலாம். அடுக்களைச் சாடியை எந்தக் கணக்கன் எண்ணுவான்?

எண்ண முடியாததைத் தடை செய்வது வெள்ளைக்காரன் காலத்தில் நடந்தது. 1886-இல் வந்த சென்னை அப்காரிச் சட்டத்தின்படி, மது உண்டாக்குவதற்கும் விற்பதற்கும் லைசென்ஸ் வேண்டும். 1937-இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971-இல் கடைகள் திறந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. எங்கள் ஊர் எல்லையில் ஒரு கீற்றுக் கொட்டகை முளைத்தது. மொந்தையும் கருவாட்டு வாசனையுமாக இரண்டு வருடம் ஓடி, 1973-இல் மூடிக்கொண்டது. 1981-இல் மறுபடி திறந்தார்கள். 1987-இல் கள்ளும் சாராயமும் மறுபடி போயின. 1983-இல் தொடங்கிய டாஸ்மாக், 2003-இல் சில்லறைக் கடைகளையும் எடுத்துக்கொண்டது. இந்தத் திறப்பும் மூடலும் முழுக்கக் கடையைப் பற்றியவை. வீட்டுச் சாடியைப் பற்றி யாரும் பேசவில்லை. அப்போது அதை நினைவு வைத்திருந்தவர்களே இல்லை. முந்திரிக்காட்டில் பானை புதைத்து ஊறல் போட்டவர்கள் இருந்தார்கள். அது காய்ச்சி வடிக்கும் சாராயத்துக்கான ஊறல். வேறு தொழில், வேறு ஆபத்து. 2024-இல் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது ஆலை மெத்தனால். முளைக்கும் களிக்கும் அதில் பங்கில்லை.

ஐரோப்பாவிலும் கதை இப்படித்தான் தொடங்கியது. இங்கிலாந்துக் கிராமங்களில் வீட்டுக்கு பீர் சமைத்தவர்கள் பெண்கள். நகரம் பெருத்தபோது தொழில் ஆலைக்குப் போயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் சுமைதூக்கிகள் விரும்பிக் குடித்த கரும்பழுப்பு பீருக்கு அவர்கள் பெயராலேயே போர்ட்டர் என்று பெயர்; அதில் கனமானது ஸ்டவுட். டப்ளினில் ஆர்தர் கின்னஸ் 1759-இல் ஆலைக்கு இடம் பிடித்தபோது, வருடம் 45 பவுண்டு வாடகைக்கு 9,000 வருடக் குத்தகை எழுதிக்கொண்டார். 1817-இல் டேனியல் வீலர் என்பவர் காப்பிக்கொட்டை வறுக்கும் உருளை போன்ற ஒன்றில் மால்ட்டைக் கருக வறுக்கக் காப்புரிமை வாங்கினார். அதன் பிறகுதான் ஒரு கை வறுத்த தானியத்தில் முழுப் பீப்பாயும் கருத்தது.

அந்தக் கருப்பு மது தமிழர்களைத் தேடி வந்தது. நீலகிரியில் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்காக ஆலைகள் எழும்பின; அவற்றையும் பெங்களூர் ஆலைகளையும் சேர்த்து 1915-இல் தாமஸ் லெய்ஷ்மன் யுனைடெட் புரூவரீஸ் ஆக்கினார். இலங்கை நுவரெலியாவில் 1849-இலேயே சாமுவேல் பேக்கர் பீர் காய்ச்சினார். அந்த மலையில் வளர்ந்த தொழிலிலிருந்து வந்ததுதான் லயன் ஸ்டவுட். மலாயாவில் கின்னஸ் புட்டிகளின் லேபிளில் இருந்த நாய்த்தலையைப் பார்த்து, எழுத்துத் தெரியாதவர்களும் சரக்கை அடையாளம் கண்டார்கள். 1965-இல் கின்னஸ் கோலாலம்பூருக்குப் பக்கத்தில் சுங்கைவேயிலேயே ஆலை வைத்தது. தோட்டத்துத் தமிழனுக்கோ தோட்டத்துக் கள்ளுக்கடைதான். கூலியைக் கொடுத்த கை மாலையில் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது. 1941-இல் கிள்ளான் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கேட்டவற்றில் ஒன்று, அந்தக் கடைகளை மூடு என்பது. எல்லா இடத்திலும் மது வெளியே நின்றது. குடிக்கிறவன் வீட்டை விட்டு அதனிடம் போக வேண்டியிருந்தது.

திரும்பி வரும் வழியை முதலில் திறந்தது இங்கிலாந்து. வீட்டில் பீர் காய்ச்ச வேண்டியிருந்த லைசென்ஸை 1963-இல் எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டார். என் மருமகன் வாங்கிய அட்டைப்பெட்டி அந்த வழியாக வந்தது. தமிழ்நாட்டில் 1937-இன் மதுவிலக்குச் சட்டம் இன்றும் இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையை நாம் பாடமாகப் படிக்கலாம். செய்முறை வகுப்பு நடத்த முடியாது.

பிழிந்த சாற்றில் பாகைக் கலந்து, ஹாப்ஸ் என்ற கொடியின் பூவைப் போட்டு அவன் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டான். கசப்புக்கும், கெடாமல் இருப்பதற்கும் அந்தப் பூ. பிறகு பானையைப் பனிக்கட்டித் தொட்டியில் இறக்கி ஆற்றி, தண்ணீர் சேர்த்து இருபது லிட்டர் ஆக்கி, பதினோரு கிராம் ஈஸ்ட்டைத் தூவி வாளியை மூடினான். அது இரண்டு வாரம் நொதிக்கும். புட்டியில் அடைத்து இன்னும் மூன்று வாரம். அதற்குள் நான் ஊர் திரும்பிவிடுவேன் என்று போன முறை செய்ததில் மிச்சமிருந்த ஒரு புட்டியைத் திறந்தான். குடிக்கிற பழக்கம் எனக்கில்லை. ஆராய்ச்சி என்று ஒரு மிடறு. அடிப்பக்கம் தீய்ந்துபோன கேழ்வரகு அடையின் ஓரத்தைக் கடித்த மாதிரி இருந்தது. எனக்குக் கரண்டியில் வாங்கிய தித்திப்பே போதும்.

அப்புறம் அவன் துணிப்பையைத் தூக்கினான். பிழிந்து முடிந்த சக்கை, ஈரமும் சூடுமாக மூன்று கிலோ இருக்கும். அதைக் கொண்டுபோய்ச் சுவரில் இருந்த குப்பைக் குழாயின் மூடியைத் திறந்து கவிழ்த்தான். பதினோரு மாடி உயரம் அது இறங்கும் சத்தம் கேட்டது.

“அடப்பாவி! ஒரு வேளைத் தீவனம்டா அது” என்றேன், என்னை அறியாமல்.

“இங்க மாட்டுக்கு எங்க மாமா போறது?”

அந்தப் பெட்டியில் எல்லாம் இருந்தது. முளை, பாகு, பூ, ஈஸ்ட், அளக்கும் குழாய், ஐந்து பக்கச் செய்முறைத் தாள். வாசலில் நின்று கழுநீருக்குக் கத்தும் மாடு மட்டும் அதில் இல்லை.